எக்ஸ்பியில் 320 ஜிபி வன்தட்டு 127.99 என்றும் 3 டிபி தட்டு 746 என்றும் காட்டுகிறது, எங்கே பிழை?

திருமலை_அச்சகம் கேட்டது:

வணக்கம். அச்சகத்துப் பழைய கணனியில் இடம் முடிந்துவிட்டது. பெரிய வன்தட்டு போட முயன்றதில் இரண்டு இடத்தில் முட்டி நிற்கிறது.

கணனி: பென்டியம் 4, இன்டெல் 845 சிப்செட் போர்ட், கூட இருப்பது ஐசிஎச்2 (தட்டு, யுஎஸ்பி இணைப்புகளைக் கவனிக்கும் சிப்). 512 எம்பி ராம், 40 ஜிபி ஐடிஇ (பழைய ரிப்பன் கேபிள் வகை) தட்டு. பணிசெயல் முறைமை எக்ஸ்பி புரொஃபெஷனல், ஆரம்பகாலச் சிடியில் இருந்து போட்டது. மை கம்ப்யூட்டர் புரொப்பர்ட்டீஸில் சர்வீஸ் பேக் (மைக்ரோசாஃப்ட் விட்ட திருத்தத் தொகுப்பு) என்ற வரியே இல்லை. பேஜ்மேக்கர் 7, பாமினி எழுத்துரு, கொம் போர்ட்டில் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின். அந்த மெஷினுக்கு எக்ஸ்பிக்குப் பிறகு டிரைவர் வரவில்லை, ஆகவே "புதுக் கணனி வாங்குங்கள்" என்ற பதில் வேண்டாம். கல்வெட்டுப் புத்தகங்களுக்கு (இறந்தவர் நினைவாக அச்சிடுபவை) ஸ்கேன் பண்ணிய படங்கள்தான் இடத்தைத் தின்கின்றன.

1. பாவித்த 320 ஜிபி ஐடிஇ தட்டு ஒன்று கிடைத்தது. பயோஸில் (கணனி தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) 320 என்று சரியாகவே வருகிறது. எக்ஸ்பியின் டிஸ்க் மேனேஜ்மென்டில் மட்டும் 127.99 ஜிபி. மிச்சம் எங்கே?

2. 3 டிபி சாட்டா (ஐடிஇக்குப் பின் வந்த இணைப்பு வகை) தட்டு ஒன்றும் இருக்கிறது. வின்டோஸ் 10 கணனியில் நேரே சாட்டாவில் மாட்டினால் 2794 ஜிபி. யுஎஸ்பி டொக்கில் (தட்டைச் செருகும் வெளிப்பெட்டி) வைத்து எக்ஸ்பியில் செருகினால் 746.52 ஜிபி, "இனிஷியலைஸ் செய்யவா" என்று கேட்கிறது.

3. 320 ஜிபி தட்டை வின்டோஸ் 10 கணனியில் முழுவதையும் ஒரே பார்ட்டிஷனாகப் ஃபார்மட் செய்து, படங்களையும் ஏற்றிக்கொண்டுவந்து எக்ஸ்பியில் மாட்டினால் வேலை செய்யாதா?

உவர்மலை_ரிப்பெயர்:

மூன்றாவதை முதலில் சொல்கிறேன். செய்யாதேங்கோ. நீங்கள் கேட்ட மூன்றிலும் ஆபத்தானது அதுதான்.

சர்வீஸ் பேக் இல்லாத எக்ஸ்பியின் ஐடிஇ டிரைவர், அதாவது அட்டாப்பி டொட் சிஸ் என்ற கோப்பு, தட்டில் உள்ள செக்டரை (தட்டின் மிகச் சிறிய துண்டு) 28 பிட் எண்ணால் கூப்பிடுகிறது. 2 இன் 28 ஆம் அடுக்கு 268,435,456 செக்டர். ஒன்றுக்கு 512 பைட் போட்டால் 137,438,953,472 பைட். தட்டுக் கம்பனிக் கணக்கில் (1000 ஆல் வகுத்து) 137 ஜிபி, வின்டோஸ் கணக்கில் (1024 ஆல் வகுத்து) 128. உங்கள் 127.99 அங்கேயிருந்துதான் வருகிறது. தட்டில் ஒரு பிழையும் இல்லை.

இப்ப வின்டோஸ் 10 இல் 298 ஜிபி முழுதையும் ஒரே பார்ட்டிஷனாக்கி இதில் மாட்டினால், பார்ட்டிஷன் அட்டவணையை நம்பி எக்ஸ்பி எல்லைக்கு அப்பாலும் எழுதப் போகும். எண்ணின் மேல் பிட் வெட்டுப்படும். 268,435,456 ஆம் செக்டருக்கு எழுதுவது 0 ஆம் செக்டரில் போய் விழும், அங்கே இருப்பது எம்பிஆர், அதாவது பார்ட்டிஷன் அட்டவணை உள்ள செக்டர். கொஞ்சம் தள்ளி எழுதினால் பார்ட்டிஷனின் தொடக்கம். என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டின் எம்எஃப்டி (எல்லாக் கோப்புகளின் பட்டியல்) வழமையாக 786,432 ஆவது கிளஸ்டரில் (செக்டர்களின் சிறு தொகுதி) தொடங்கும், 4 கேபி கிளஸ்டர் என்றால் தொடக்கத்தில் இருந்து ஏறக்குறைய 3.2 ஜிபி தள்ளி. தட்டு 140 ஜிபியைத் தாண்டி நிரம்பும்போது அதற்கு மேலேயே எழுதப்படும். ஒரு எச்சரிக்கையும் வராது. கொப்பி முடிந்தது என்றே காட்டும், அடுத்த முறை கணனியை ஏற்றும்போதுதான் கோப்புறைகள் குப்பையாகத் தெரியும்.

அப்படி ஆகிப்போன தட்டு யாரிடமாவது இருந்தால் செக்டிஸ்க் (வின்டோஸின் தட்டுத் திருத்தும் கருவி) ஓட விடவேண்டாம். அது மிச்சத்தையும் "திருத்தி" முடித்துவிடும். தட்டைக் கழற்றி, லினக்ஸ் லைவ் சிடியில் டிடிரெஸ்கியூவால் முழுப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில்தான் மீட்பு வேலை.

இனி வழி. 48 பிட் முகவரி எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 1 உடன் வந்தது. நீங்கள் போகவேண்டியது சர்வீஸ் பேக் 3 வரை. ஒன்றுமே இல்லாத எக்ஸ்பியில் 3 ஐ நேரே போட்டால் ஏறாது, 1 அல்லது 2 இருக்கவேணும் என்று சொல்லி நின்றுவிடும். 2 வெறும் எக்ஸ்பியின் மேல் நேரே ஏறும். ஆகவே முதலில் 2, ரீஸ்டார்ட், பிறகு 3. இரண்டும் முழு நிறுவல் கோப்பாக இருக்கட்டும்: 2 ஏறக்குறைய 266 எம்பி, 3 ஏறக்குறைய 316 எம்பி. எக்ஸ்பியின் பிரவுசரில் இன்றைய தளங்கள் திறக்காது, வேறு கணனியில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கோ. சி டிரைவில் குறைந்தது 2 ஜிபி காலியாக இருக்கவேணும், அன்டிவைரஸ் நிறுத்தியிருக்கவேணும், யுபிஎஸ் கட்டாயம். பாதியில் கறன்ட் போனால் அந்த எக்ஸ்பியை மறந்துவிடலாம்.

முடிந்ததும் வின்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் கோப்புறைக்குள் போய் அட்டாப்பி டொட் சிஸ் கோப்பின் புரொப்பர்ட்டீஸில் வெர்ஷனைப் பாருங்கோ. 5.1.2600.5512 என்று இருந்தால் சர்வீஸ் பேக் 3 இன் கோப்பு. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்டில் 298.09 ஜிபி வரும். காணாமல் போனதாக நினைத்த 170 ஜிபி "அன்அலொகேட்டட்" என்று கறுப்புக் கோட்டோடு நிற்கும்.

அப்படியும் 127.99 தான் என்றால் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து பாருங்கோ: எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், அட்டாப்பி, பாராமீட்டர்ஸ். அங்கே எனேபிள்பிக்எல்பிஏ என்று ஒரு டிவேர்ட் இருந்து அதன் பெறுமதி 0 என்றால் 1 ஆக்குங்கோ. எக்ஸ்பியில் இந்த வரி இல்லாவிட்டாலும் வேலை செய்யும். வின்டோஸ் 2000 வைத்திருப்பவர்களுக்குத்தான் சர்வீஸ் பேக் 3 க்குப் பிறகும் இதைக் கையால் போட்டே ஆகவேணும்.

கன்னியா_நெட்:

மேலே சொன்னது முழுக்கச் சரி. மூன்று விடயம் கூட்டுகிறேன்.

ஒன்று, அந்தப் பழைய சிடி. கணனி ஏறாமல் போன ஒருநாள் அதே சிடியைப் போட்டு ரிக்கவரி கொன்சோலில் (சிடியில் இருந்து ஏறும் மீட்புத் திரை) செக்டிஸ்க் கொடுப்பீர்கள். சிடிக்குள் இருப்பது பழைய 28 பிட் டிரைவர். சர்வீஸ் பேக் 3 போட்டுப் பாதுகாத்த தட்டை அந்தச் சிடியே அழித்துவிடும். ஆகவே சர்வீஸ் பேக் 3 ஐச் சிடியோடு சேர்த்து ஒரு புதுச் சிடி எழுதி வையுங்கள். என்லைட் என்ற சிறிய மென்பொருள் போதும்: சிடி முழுவதையும் ஒரு கோப்புறைக்குக் கொப்பி பண்ணி, அதை என்லைட்டில் காட்டி, சர்வீஸ் பேக் கோப்பைக் கொடுத்து, பூட் ஆகும் ஐஎஸ்ஓவாக எடுக்கலாம். 700 எம்பி சிடியில் அடங்கும். இப்படிச் சேர்ப்பதற்கு மட்டும் சர்வீஸ் பேக் 2 இடையில் தேவையில்லை. ஆனால் வேலையை எக்ஸ்பி ஓடும் கணனியிலேயே செய்யுங்கள். விஸ்டா, வின்டோஸ் 7 இல் வைத்து ஆரம்பகாலச் சிடியோடு சேர்த்தால், பிறகு நிறுவும்போது உங்கள் கீயை ஏற்க மறுக்கும் சிக்கல் உண்டு. பழைய சிடியின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்.

இரண்டு, சி பார்ட்டிஷன் முழுவதும் 128 ஜிபி எல்லைக்குள் இருக்கட்டும். எக்ஸ்பி ஏறும் முதல் சில விநாடிகளில் அட்டாப்பி இன்னும் வரவில்லை, கேர்னல், சிஸ்டம் ரெஜிஸ்ட்ரி எல்லாவற்றையும் பயோஸ்தான் வாசித்துக் கொடுக்கிறது. உங்கள் பயோஸ் 320 என்று காட்டுவது நல்ல அறிகுறிதான், என்றாலும் அதை நம்பி 298 ஜிபியையும் சி ஆக்கினால், மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, ஏதோ ஒரு அப்டேட் கோப்பு எல்லைக்கு அப்பால் போய் உட்கார்ந்த அன்று ஏறாமல் போகலாம். காரணமே பிடிபடாது. 40 ஜிபி சி, மிச்சம் டி என்பதே நிம்மதி.

மூன்று, 40 ஜிபி தட்டை மாஸ்டராக (கேபிளில் முதல் தட்டு) விட்டு 320 ஐ ஸ்லேவாகப் (அதே கேபிளில் இரண்டாவது) போட நினைக்கலாம். அந்த 40 ஜிபிக்கு என்ன வயதென்று யோசியுங்கள். குளோன்சில்லாவின் பழைய 32 பிட் பதிப்பால் 320 க்குக் குளோன் (தட்டின் முழுப் பிரதி) எடுத்து, 40 ஐக் கழற்றி அப்படியே பெட்டியில் வைப்பது மேல். குளோன் முடிந்து முதல்முறை ஏற்றும்போது பழைய தட்டு கணனியில் மாட்டியிருக்கக் கூடாது. இரண்டையும் வைத்து ஏற்றினால் எக்ஸ்பி சி என்ற எழுத்தைப் பழைய தட்டுக்கே கொடுத்துவிடும், புதியது லொகின் திரையோடு சுற்றிச் சுற்றி நிற்கும்.

குளோனுக்கு முன்னரே சோதனையையும் முடித்துவிடுங்கள். 320 ஐ வெறுமையாக ஒரே பார்ட்டிஷனாக்கி எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட விட்டால் தட்டு முழுக்க எழுதி, திரும்ப வாசித்து ஒப்பிடும். எழுத ஒன்றரை இரண்டு மணித்தியாலம், வாசிக்க ஏறக்குறைய அவ்வளவு. 137 ஜிபியில் முகவரி மடங்குகிறதா என்பது அதில் சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். மடங்கினாலும் அப்போது இழக்க ஒன்றுமில்லை.

திருமலை_அச்சகம்:

நன்றி அண்ணை இருவருக்கும். 3 டிபி தட்டைப் பற்றியும் சொல்லுங்கள். அதில் வின்டோஸ் 10 கணனியில் ஏற்றிய பழைய வேலைகள் 900 ஜிபி அளவில் இருக்கின்றன.

சீனன்குடா_லினக்ஸ்:

அப்படியென்றால் எக்ஸ்பி இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டால் "கேன்சல்" மட்டும்தான். ஓகே கொடுத்தால் தட்டின் முதல் செக்டருக்கு மேலே எழுதிவிடும், 900 ஜிபியைத் தேடி அலையவேண்டி வரும்.

இது 137 ஜிபி பிரச்சினை அல்ல, வேறு சுவர். எம்பிஆர் அட்டவணை செக்டரை 32 பிட்டால் எண்ணுகிறது: 2 இன் 32 ஆம் அடுக்கு தர 512, அதாவது 2,199,023,255,552 பைட். வின்டோஸ் கணக்கில் 2048 ஜிபி. உங்கள் தட்டு 2794.52. அதில் 2048 ஐக் கழியுங்கள், 746.52 வரும். எண் நிரம்பி வழிந்து மிச்சம் மட்டும் தெரிகிறது, அவ்வளவுதான்.

வழிய விட்டது யார் என்று அறிய அதே டொக்கை வின்டோஸ் 10 இல் செருகிப் பாருங்கள். அங்கேயும் 746 என்றால் டொக்குக்குள் உள்ள சிப் பழையது, 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியாதது. அந்த டொக்கில் பெரிய தட்டை இனி வைக்கவே வேண்டாம். அங்கே 2794 என்று வந்தால் டொக் நல்லது. ஆனால் நல்ல டொக் வாங்கியும் உங்களுக்குப் பயனில்லை, ஏனென்றால் 2 டிபிக்கு மேல் போக ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை வேண்டும், 32 பிட் எக்ஸ்பி ஜிபிடியை எந்தச் சர்வீஸ் பேக் போட்டாலும் வாசிக்காது. "ஜிபிடி புரொடெக்டிவ் பார்ட்டிஷன்" என்று காட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.

சில கம்பனிகளின் 3 டிபி வெளித்தட்டுகள் எக்ஸ்பியில் முழுதாகத் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் பெட்டிக்குள் இருக்கும் சிப் செக்டரை 512 பைட்டாக இல்லாமல் 4096 பைட்டாகச் சொல்லுகிறது. எண் அதே 32 பிட், அளவு எட்டு மடங்கு, ஆகவே எம்பிஆரே 16 டிபி வரை போதும். அதில் ஒரு பொறி இருக்கிறது. பெட்டியின் பவர் போர்ட் எரிந்து தட்டைக் கழற்றி நேரே சாட்டாவில் மாட்டினால் செக்டர் 512 ஆகிவிடும், பார்ட்டிஷன் அட்டவணை பிழையாக வாசிக்கப்படும், தட்டு வெறுமை போலத் தெரியும். தரவு உள்ளேதான் இருக்கும், அதே மாதிரிப் பெட்டி கிடைத்தால் திரும்ப வரும். பயந்துபோய் ஃபார்மட் கொடுப்பவர்கள்தான் இழக்கிறார்கள்.

என் அபிப்பிராயம்: 3 டிபி வின்டோஸ் 10 கணனியிலேயே இருக்கட்டும். எக்ஸ்பிக்கு இன்னும் இடம் வேண்டுமென்றால் 2 டிபியோ அதற்குக் குறைந்ததோ வாங்குங்கள். 2 டிபி தட்டு வின்டோஸ் கணக்கில் 1863 ஜிபி, சுவருக்கு உள்ளேயே நிற்கும். உங்கள் போர்ட்டில் சாட்டா இல்லை, ஆகவே சிலிக்கன் இமேஜ் 3112 அல்லது 3114 சிப் உள்ள பிசிஐ கார்ட் ஒன்று போதும். இங்கே கடைகளில் அகப்படாவிட்டால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விசாரிக்கலாம். எக்ஸ்பி டிரைவர் சிடியோடு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். விஐஏ 6421 சிப் கார்டும் வேலை செய்யும், ஆனால் அந்தக் குடும்பத்துச் சிப்கள் சில தட்டுகளோடு வேகத்தைப் பேசி இறக்கத் தெரியாமல் தட்டையே காணாமல் விட்டுவிடும். அப்படியானால் தட்டை 1.5 ஜிகாபிட்டுக்கு இறக்கும் ஜம்பர் வேண்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலில் அது 5, 6 ஆம் ஊசிகள், மற்றவற்றில் லேபலைப் பாருங்கள்.

இந்த அளவுத் தட்டுகள் பெரும்பாலும் உள்ளே 4096 பைட் செக்டர் கொண்டவை. எக்ஸ்பி தன் கையால் பார்ட்டிஷன் போட்டால் 63 ஆம் செக்டரில் தொடங்கும், 63 எட்டால் வகுபடாததால் ஒவ்வொரு முறை எழுதுவதும் இரண்டு பெரிய செக்டரில் கால்வைத்து நிற்கும், சின்னக் கோப்புகள் எழுதுவது நன்றாகவே மெதுவாகிவிடும். ஆகவே பார்ட்டிஷனை மட்டும் வின்டோஸ் 10 இல் போட்டுக் கொண்டுவாருங்கள். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், ஆங்கிலத்தில் அடியுங்கள்:

டிஸ்க்பார்ட்
லிஸ்ட் டிஸ்க்
செலெக்ட் டிஸ்க் 1
கிளீன்
கன்வர்ட் எம்பிஆர்
கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி அலைன்=1024
ஃபார்மட் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ் குயிக்
அசைன்

செலெக்ட் வரியில் உள்ள இலக்கத்தை லிஸ்டில் வரும் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்து இரண்டாம் முறையும் பாருங்கள். கிளீன் கொடுத்தால் திரும்பக் கேட்காது.

யுஎஸ்பி வழியாகப் பெரிய தட்டைப் பாவிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள். ஐசிஎச்2 இல் இருப்பது யுஎஸ்பி 1.1. செக்கனுக்கு 1 எம்பி என்று வைத்தாலும் 100 ஜிபி கொப்பி பண்ண ஒரு நாளும் நாலு மணித்தியாலமும்.

நிலாவெளி_உப்புக்காற்று:

எல்லாரும் மென்பொருள் பக்கமே நிற்கிறீர்கள். பாவித்த ஐடிஇ தட்டு, கடற்கரை ஊர், பழைய ரிப்பன் கேபிள். 298 ஜிபி தெரிந்த பிறகு "ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது" என்று அடுத்த கேள்வி வரும், அதற்கும் இப்பவே பதில்.

உப்புக்காற்றில் கேபிள் தொடுப்பின் ஊசிகளில் கறள் பிடிக்கும், கண்ணுக்கு மங்கலாக மட்டும்தான் தெரியும். சிக்னல் தவறும், டிரைவர் திரும்பத் திரும்பக் கேட்கும். ஆறு தடவை பிழை சேர்ந்தால் எக்ஸ்பி வேகத்தை ஒரு படி இறக்கும், இறக்கி இறக்கிக் கடைசியில் சிபியுவே தரவை நகர்த்தும் மெதுவான பிஐஓ முறைக்குக் கொண்டுபோய் விடும். கேபிள் மாற்றினாலும் தானாக மேலே ஏறாது. கொப்பி பண்ணும்போது சிபியு முழுக்க ஏறி நின்றால் இதுதான்.

டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலருக்குக் கீழே பிரைமரி சனல், அட்வான்ஸ்ட் செற்றிங்ஸ் பாருங்கோ. "கரண்ட் ட்ரான்ஸ்ஃபர் மோட்" அல்ட்ரா டிஎம்ஏ 5 (இந்தப் போர்ட்டின் உச்ச வேகம்) என்று இருக்கவேணும். பிஐஓ என்றால் முதலில் கேபிளை மாற்றி, ஊசிகளை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்துக் காயவிட்டு, பிறகு அந்தச் சனலை அன்இன்ஸ்டோல் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கோ. கேபிள் 80 கம்பி உள்ளதாக இருக்கவேணும். நீல முனை போர்ட்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் சாம்பல் ஸ்லேவுக்கு. 40 கம்பிப் பழைய கேபிளில் அல்ட்ரா டிஎம்ஏ 2 ஐத் தாண்டாது.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் பழைய பதிப்பில் தட்டின் ஸ்மார்ட் விபரத்தையும் (தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் பழுதுக் கணக்கு) பாருங்கோ. சி7 வரியின் எண் ஏறிக்கொண்டு போனால் கேபிளில் பிழை, தட்டு நல்லது. 05, சி5 வரிகளில் (பழுதான செக்டர்களின் எண்ணிக்கை) 0 ஐத் தவிர எது இருந்தாலும் அந்தத் தட்டில் கல்வெட்டுப் படங்களை ஏற்றவேண்டாம், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கோ.

கன்னியா_நெட்:

3 டிபியில் உள்ள பழைய வேலைகளை எக்ஸ்பியில் எடுக்கத் தட்டைத் தூக்கித் திரியத் தேவையில்லை, வலையமைப்பில் எடுக்கலாம். வலையில் வரும் கோப்புக்கு 137 உம் இல்லை, 2 டிபியும் இல்லை, எக்ஸ்பிக்குத் தட்டின் அளவே தெரியாது.

ஆனால் எக்ஸ்பிக்குத் தெரிந்த ஷெயரிங் மொழி எஸ்எம்பி 1 மட்டும். வின்டோஸ் 10 இல் 1709 பதிப்பில் இருந்து அது வழமையாக நிறுவப்படுவதில்லை, அதைத் திரும்பப் போடச் சொல்லமாட்டேன். 2017 இல் வொன்னகிரை என்ற கப்பம் கேட்கும் வைரஸ் பரவிய வாசல் அதுதான். எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அப்போது ஒரு திருத்தம் விட்டது, இலக்கம் கேபி4012598, அதைப் போட்டுவிடுங்கள். வின்டோஸ் 10 இல் ஃபைல்சில்லா சர்வரைப் போட்டு அந்தக் கோப்புறையை எஃப்டிபியாகத் திறந்தால் எக்ஸ்பியின் எக்ஸ்புளோரரே அதைத் திறக்கும். பேஜ்மேக்கர் அங்கிருந்து நேரே திறக்காது, டி டிரைவுக்குக் கொப்பி பண்ணித்தான் வேலை செய்யவேண்டும்.

சீனன்குடா_லினக்ஸ்:

நேரே திறந்து வேலை செய்யத்தான் வேண்டுமென்றால் நடுவில் ஒரு பழைய லினக்ஸ் பெட்டி வைத்து சாம்பாவின் (லினக்ஸில் ஷெயரிங் செய்யும் மென்பொருள்) அமைப்புக் கோப்பில் குளோபல் பகுதிக்குள் "சர்வர் மின் புரோட்டோகோல் = என்டி1" என்று ஒரு வரி போடுங்கள். சாம்பா 4.11 இல் இருந்து இது இல்லாமல் எக்ஸ்பி உள்ளே வராது. கடவுச்சொல் சரியாக இருந்தும் மறுத்தால் எக்ஸ்பி ரெஜிஸ்ட்ரியில் கன்ட்ரோல், எல்எஸ்ஏ என்பதற்குள் எல்எம்கொம்பாட்டிபிலிட்டிலெவல் பெறுமதியை 3 ஆக்குங்கள். ரௌட்டரில் எக்ஸ்பிக்கும் அந்தப் பெட்டிக்கும் இணையத்தை மூடிவிடவும்.

திருமலை_அச்சகம்:

சர்வீஸ் பேக் 2, 3 இரண்டும் ஏறின. அட்டாப்பி 5512. எச்2டெஸ்ட்டபிள்யூ பிழையில்லாமல் முடிந்தது, சி7 இல் 14 இருந்தது, கேபிள் மாற்றிய பிறகு ஏறவில்லை. 05, சி5 இரண்டும் 0. குளோனுக்குப் பிறகு சி 37.27, மிச்சம் 260.82. ஒரேயொரு தொல்லை: புதுப் பார்ட்டிஷன் ஈ என்று வருகிறது, டி ஐ சிடி டிரைவ் பிடித்திருக்கிறது. படங்கள் எல்லாவற்றையும் டி இல் வைக்கத்தான் விருப்பம்.

உவர்மலை_ரிப்பெயர்:

படங்களை ஏற்ற முன்னமே டிரைவ் எழுத்தை மாற்றுங்கோ. பேஜ்மேக்கர் லிங்க் பண்ணிய படத்தை முழுப் பாதையோடு நினைவில் வைத்திருக்கும், பிறகு எழுத்து மாறினால் ஒவ்வொரு படத்துக்கும் "எங்கே" என்று கேட்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் சிடி டிரைவில் வலது கிளிக், "சேஞ்ச் டிரைவ் லெட்டர்", அதை இசட் ஆக்குங்கோ. பிறகு ஈ ஐ டி ஆக்குங்கோ. சி டிரைவில் கை வைக்காதேங்கோ. முந்திய வேலைகள் சி இல் இருந்து டிக்குப் போனால், அந்தக் கோப்பைத் திறந்து ஃபைல் மெனுவில் லிங்க்ஸ் மனேஜரில் ஒருதடவை புதுப் பாதையைக் காட்டிச் சேமித்தால் சரி.